பனிமலையில் இன்னொரு ஆன்ட்டி

சென்னியப்பன் இன்னும் விழவில்லை. விழுவதற்கு முன்னால் அவருக்கு நிறைய வேலை இருந்தது. முதலில் ஏர்போர்ட் வர வேண்டும், பிறகு ரயில், பிறகு அந்த ஆஸ்திரிய மலையூரின் ஓட்டல் வாசலில் மரத்தில் செதுக்கி நிறுத்தியிருந்த கரடி. குரங்குக் குல்லாவும் உப்பிப்போன கோட்டுமாகக் கரடியின் தோளில் கை போட்டுக்கொண்டு அவர் நிற்கிற படம் டிவியில் வந்ததும், "இதுல கரடி எதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம் சம்பந்தி" என்று கேட்க வேண்டும். கேட்டார். சோபாவில் இருந்த சம்பந்தி அருணாசலம், "வலது பக்கம் நிக்கறதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி கமலவேணியும் சிரித்தாள். சென்னியப்பனின் மனைவி நாகரத்தினம் சமையலறை நிலையில் சாய்ந்தபடி தானும் சிரித்து வைத்தாள். வெளியே கோயமுத்தூர் வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, மேலே ஃபேன் சூட்டைச் சுற்றிச் சுற்றி அடித்தது, டிவியில் பனி. கதை அவளுக்கு மனப்பாடம். மாசியில் போய் வந்ததிலிருந்து அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் தொடங்கி மின்வாரியத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வரைக்கும் எல்லாரும் கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் சறுக்கி விழுந்த மலை கொஞ்சம் வளர்ந்தது. குழந்தைகளுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுக்கிற சரிவு அது, நம் ஸ்கூல் மைதானத்து மேடு இருக்கும், அவ்வளவுதான்; போன வாரம் அதுவே ஊட்டி தொட்டபெட்டா உயரத்துக்கு வந்துவிட்டது. கேட்கிறவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடியும். போகட்டும், அவருக்கு ஒரு சந்தோஷம். ஆனால் இன்றைக்குக் கேட்கிறவர்கள் ஊரார் இல்லை, மருமகள் தாரணியைப் பெற்றவர்கள். அந்தப் படங்களுக்குள் தாரணியும் இருக்கிறாள், வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகன் நவநீதனும் இருக்கிறான், இருவரும் சிரிக்கிறார்கள். தன் மகனும் அவளும் இனிச் சேர்ந்து வாழப்போவதில்லை என்பது இந்த வீட்டில் நாகரத்தினத்துக்கு மட்டும் தெரியும். தெரியும் என்று சொல்வதும் சரியில்லை. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதோ திட்டியோ ஒரு வழி பண்ணியிருப்பாள். ஒரு வார்த்தை காதில் விழுந்தது, அவ்வளவுதான், மூன்று மாதமாக மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

காலையில் போன் வந்தபோதே திக்கென்றது. "இங்க பீளமேட்டுல ஒரு கல்யாணமுங்க, முகூர்த்தம் முடிஞ்சு அப்படியே வந்து எட்டிப் பாத்துட்டுப் போறமுங்க" என்றாள் கமலவேணி. கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு எத்தனையோ கல்யாணத்துக்கு வந்து போயிருக்கிறார்கள், எட்டிப் பார்த்ததில்லை. வருவதானால் சொல்லிவைத்து, தேங்காயும் வாழைத்தாருமாகக் காரை ரொப்பிக்கொண்டு வருவார்கள். இன்றைக்குக் கையில் ஒரு பழக்கவர் மட்டும், அதுவும் வழியில் வாங்கியது. சாப்பாடு மண்டபத்திலேயே ஆகிவிட்டது என்றார்கள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருக்கிறேன், ஒரு வாய் என்றாள் இவள். வேண்டவே வேண்டாம் என்றார்கள். சரி, காபி. காபி டம்ளர் கமலவேணி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது, ஆடை படிந்துவிட்டது, அவள் தொடவில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வீட்டுக்கு வந்தவர்கள் காபியை மறந்துபோவது உண்டுதான், பேச்சு மும்முரத்தில் ஆறிப்போவது உண்டுதான், ஆனால் கமலவேணி ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லையே. கை நனைக்கிறது என்று நம் பக்கம் சொல்வார்கள். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் மனசுக்குப் பிடித்தால்தான் கை நனைப்பது, இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவது. கோபியில் தாரணியைப் பார்க்கப் போனபோது இந்த வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டார்கள். உறவு தொடங்குவதற்கு முந்தி சாப்பிடாமல் இருப்பது சரி. முடிந்த பிறகும் அப்படித்தானா? அட, சர்க்கரை ஜாஸ்தியாக இருக்கும், அவளுக்குச் சுகர் வந்திருக்கும், நமக்கென்ன தெரியும் என்று நாகரத்தினம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்து டம்ளரை அருணாசலம் காலி பண்ணியிருந்தார். ஆம்பளைகளுக்கு இதெல்லாம் கிடையாது.

இப்போது ஓட்டலிலிருந்து சரிவுக்குப் போகிற பாதை வந்திருந்தது. ராத்திரி பெய்த பனி காலையில் இறுகி, வழி முழுக்கக் கண்ணாடி போட்டது மாதிரி கிடக்கிறது, நாகரத்தினம் புடவைக்கு மேல் முழங்கால் வரைக்கும் கோட்டு மாட்டிக்கொண்டு அதில் நடக்கிறாள், அவள் முழங்கையைப் பிடித்தபடி தாரணி. இந்தப் படத்தை நவநீதன் பின்னாலிருந்து எடுத்தான், அதனால் இரண்டு முதுகு மட்டும் தெரிகிறது. பனி பஞ்சு மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள், காலை வைத்தால் கல்லுப்பு மூட்டையில் மிதித்த மாதிரி நறநறவென்றது. குளிர் மூக்குக்குள் போய்க் குத்தியது. பயம் வேறு, இந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்து வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் பார்ப்பது. தாரணியின் பிடி விடவே இல்லை. "பாத்துங்க, பாத்து, இங்க வழுக்கும், அந்த ஓரமா காலை வைங்க, அப்படித்தாங்க." அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது, ஒரு எழுத்து குறையாமல். குறையாமலா? நாகரத்தினம் அந்தக் குரலை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பாத்துங்க, அங்கே அத்தை என்ற சொல் இல்லை. காலை வைங்க, அங்கேயும் இல்லை. ஏர்போர்ட்டில்? "வாங்க வாங்க, பிளைட்ல தூங்கினீங்களா?" இல்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தபோது? "இங்க உக்காருங்க, இங்கிருந்து ஏரி தெரியும்." இல்லை, இல்லை. நம் பேச்சில் ஒரு சௌகரியம் உண்டு, மரியாதையாக ஒரு 'ங்க' போட்டுக்கொண்டே இருந்தால் உறவுமுறையே சொல்லாமல் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம், எதிராளிக்குத் தெரியவும் தெரியாது. தெரியவில்லைதானே, நானும் சந்தோஷமாக ஏரியைத்தானே பார்த்துக்கொண்டு போனேன். மூன்று மாதமாக அந்தப் பயணம் முழுவதையும் புளியில் கொட்டை தேடுவதுபோல விரலால் பிசைந்து பிசைந்து பார்க்கிறாள், ஒரு அத்தை கிடைக்குமா என்று. ஒன்று கிடைத்தால் போதும், எல்லாம் தன் மனக்கோணல் என்று நிம்மதியாக இருந்துவிடலாம்.

மனக்கோணலாகவும் இருக்கலாமே. அந்தப் போர்வை விஷயத்தில் அப்படித்தானே ஆயிற்று. ஓட்டலில் இறங்கிய அன்று மகன் அறைக்கு ஊறுகாய் பாட்டிலைக் கொடுக்கப் போனவள் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பெரிய கட்டில் ஒன்று, ஆனால் போர்வை இரண்டு, ஆளுக்கொன்றாகத் தனித்தனியாய் மடித்து, நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு. புருசன் பொண்டாட்டிக்கு இரண்டு போர்வையா, அட கடவுளே, இந்தக் குளிரிலா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் அறைக்கு ஓடி வந்தால் அங்கேயும் இரண்டு போர்வை, நடுவில் அதே ஒரு முழம். அந்த ஊர் வழக்கமே அதுதானாம். "நாப்பது வருசமா ராத்திரி முழுக்க என் போர்வைய இழுத்தயே ரத்தினம், இந்த நாட்டுலதான்டி நியாயம் இருக்குது" என்று சென்னியப்பன் தன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு குதூகலித்தார். இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தன்னையே வைதுகொண்டாள். ஆக ஒரு தடவை தப்பாக நினைத்தாயிற்று, இரண்டாம் தடவையும் தப்பாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாதா? சொல்லலாம்தான். ஆனால் போர்வையை ஓட்டல்காரன் மடித்து வைத்தான். அந்த வார்த்தையைத் தாரணி அல்லவா சொன்னாள்.

"இப்பத்தானுங்க கதையே ஆரம்பம்" என்றார் சென்னியப்பன். டிவியில் அவர் சறுக்குகிற இரண்டு நீளக் கட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தார், எதிரே வாத்தியார், பனியில் வெந்து சிவந்த முகத்தோடு ஒரு பையன். "இவன் என்ன பண்றானுங்க, தூரமா போய் நின்னுக்கிட்டு பிட்சா, பிட்சான்னு கத்தறான். நான் நெனச்சேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு கேக்கறான்னு. எனக்கெதுக்குடா பிட்சா, என்ற சம்சாரம் முறுக்கு கொண்டாந்திருக்கான்னு நான் கையாட்டறேன். கையாட்டினா கட்டை நவுருதுங்க!" கட்டை இரண்டின் முனையையும் பிட்சாத் துண்டு மாதிரி குவித்தால் வேகம் நிற்கும் என்பதுதான் அந்தப் பையன் சொன்னதாம். அருணாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனுசன், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார் இன்றைக்கு. நாகரத்தினம் கமலவேணியைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியுமா? பெற்றவளிடம் சொல்லாமலா இருப்பாள்? தெரிந்தால் எதற்காக இங்கே வந்து பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தெரியாவிட்டால் எதற்காகக் காபியைக் குடிக்கவில்லை? கேட்டுவிடலாமா? என்னவென்று கேட்பது? உங்க பொண்ணு என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டாளுங்க, அதனால எனக்குச் சந்தேகமுங்க என்றா? விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த அப்பார்ட்மென்ட்டில் மாடிக்கு மாடி எத்தனை பேர் ஆன்ட்டி என்கிறார்கள், காய்கறிக்காரன்கூட ஆன்ட்டி என்கிறான், அவனோடெல்லாம் என்ன உறவு முறிந்துவிட்டது?

ஆனால் கமலவேணி சிரிக்க மாட்டாள். அன்றைக்குக் கோபியில் திருத்தியவளே அவள்தான். நிச்சயம் பேச எல்லாரும் உட்கார்ந்திருக்க, தாரணி குனிந்து, "உங்களுக்குச் சர்க்கரை போடலாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். கமலவேணி அவள் தொடையில் நிமிண்டி, "ஆன்ட்டி என்னடி ஆன்ட்டி, அத்தைன்னு கூப்பிடு" என்றாள். கூடமே சிரித்தது. தாரணி நாக்கைக் கடித்துக்கொண்டு, "பழகிக்கறேனுங்க அத்தை" என்றாள். அந்த நிமிசம் நாகரத்தினத்துக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெண் குழந்தைக்கு ஏங்கி ஏங்கி ஒரே ஒரு பையனோடு நின்றுபோனவள். ஆன்ட்டி என்று கேட்டவளுக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாள், அத்தை என்றவளிடம், "போடு கண்ணு, ரெண்டு கரண்டியாப் போடு" என்றாள். சொந்தத்தில் எடுத்த பெண்ணும் இல்லை, முன்பின் பார்த்ததும் இல்லை, அந்த ஒரு சொல்லால்தான் அவள் உள்ளே வந்தாள். வந்த வழியாகவே திரும்பிப் போகிறாளா? அப்படிப் போய்விட்டால் அவள் எனக்கு யார்? இதுதான் நாகரத்தினத்தைத் தூங்கவிடாத கேள்வி. பையன் வாழ்க்கை என்ன ஆவது என்ற கவலையும் இருக்கிறது, இல்லாமலா, பெற்ற வயிறு. அவன் நல்லவன்தான், ஆனால் ஒன்று கேட்டால் போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறவன், யார் பக்கம் குற்றம் என்று அவளால் நிறுக்க முடியவில்லை. சண்டை போட்டு, ஏசிவிட்டுப் போகிற மருமகளை வெறுத்தாவது தொலைக்கலாம். வழுக்கும் வழுக்கும் என்று முழங்கையை விடாமல் பிடித்து நடத்திக்கொண்டு போனவளை என்ன செய்வது? ஊரில் யாராவது கேட்டால் என்ன முறை சொல்வது? மகனின் முன்னாள் மனைவி என்று பேப்பர்காரன்தான் எழுதுவான், மனுசர் வாயில் அதற்கு ஒரு சொல் உண்டா?

அது நடந்தது இந்தப் பிட்சாக் கதை நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான். அப்பனும் மகனும் கீழே சரிவில், இவளும் தாரணியும் மேலே காபிக் கடையில். கடைக்கு வெளியே மரத்தளம், அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாகரத்தினம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பனியில் பட்டுக் கண்ணைப் பறித்தது. புள்ளி புள்ளியாக ஆட்கள், அதில் எந்தப் புள்ளி தன் வீட்டுக்காரர் என்று தேடிக்கொண்டிருந்தாள். தாரணி உள்ளே சூடாக ஏதாவது வாங்கப் போயிருந்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து, "ஆன்ட்டி" என்று ஒரு குரல். நாகரத்தினம் திரும்பவில்லை. தன்னை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும், "ஆன்ட்டி." அட, இந்தப் பனிக்காட்டில் நம் ஊர்ப் பொம்பளை இன்னொருத்தி இருக்கிறாளா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். யாரோ, தாரணிக்குத் தெரிந்த குடும்பமாக இருக்கும், ஈரோடோ சேலமோ, பேச்சுத் துணைக்கு ஆயிற்று, பையில் முறுக்கு இருக்கிறது, கொடுக்கலாம். சந்தோஷமாக அந்த இன்னொரு ஆன்ட்டியைத் தேடினாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள், வேறு யாரும் இல்லை. தோளில் ஒரு கை விழுந்தது. "ஆன்ட்டி, உங்களைத்தான்."

திரும்பினால் தாரணி, கையில் இரண்டு கப். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், முகம் அப்படியே நின்றுபோயிற்று. ஒரு பேச்சுக்காவது, ஐயோ, வாய் தவறிருச்சு அத்தை என்று சொல்லியிருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும், அவள் நாக்குச் சறுக்கக் கூடாதா, அதுவும் சறுக்குவதற்கென்றே காசு கட்டி வந்த இடத்தில். சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, பொய் சொல்ல மனசில்லாமல் விட்டுவிட்டாள் என்றுதான் நாகரத்தினத்துக்குப் பட்டது. நாக்கு சறுக்கினால் எங்கே போய் விழும்? மனசு ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தானே விழும்? "சாக்லேட்டுங்க, சூடா இருக்கு" என்று கப்பை நீட்டினாள். இவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கம்பி ஓரமாக நின்று குடித்தார்கள். "மூக்கு ஏன் கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டதற்கு, "குளிருங்க" என்றாள். கேட்க வேண்டிய கேள்வியை இவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அப்புறம் தாரணியாகவே போனை நீட்டிப் பிடித்து, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, "சிரிங்க" என்று ஒரு படம் எடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், நன்றாகவே சிரித்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நவநீதன் போன் பண்ணுகிறான். தாரணி தூங்குகிறாள், தாரணி கடைக்குப் போயிருக்கிறாள், தாரணிக்கு ஆபீசில் வேலை ஜாஸ்தி. சென்னியப்பன், "பாவம், அந்தப் புள்ளைய ரொம்ப வேலை வாங்கறானுக" என்று வருத்தப்படுகிறார். அந்த ஒரு வாரமும் நமக்காகத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கிறார்கள், பிரிவதற்கு முன்னால் கிழடுகளுக்கு ஒரு நல்ல ஞாபகம் கிடைக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள் என்று நாகரத்தினத்துக்கு ஒரு ராத்திரி தோன்றியது. அன்றைக்குத்தான் அழுதாள். எத்தனை நல்ல பிள்ளைகள், இவ்வளவு நல்ல பிள்ளைகளுக்கு ஏன் ஒத்துப்போகவில்லை?

"இது பாருங்க, மாமியாரும் மருமகளும்" என்றார் சென்னியப்பன். வந்துவிட்டது. டிவி முழுக்க இரண்டு முகம், பின்னால் வெள்ளை மலை. அடுத்ததற்குப் போகப் போனார். "சித்த அதை நிறுத்துங்க" என்றாள் கமலவேணி. வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நிறுத்தினார். கமலவேணி சோபாவின் நுனிக்கு வந்து பார்த்தாள். மகளைப் பார்க்கிறாளா, மகள் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. "கண்ணு என்னமோ இடுங்கிக் கெடக்குதுங்களே அவளுக்கு" என்றாள். "அது வெயிலுங்க, பனியில அடிச்சா அப்படித்தான், எனக்கே ரெண்டு நாள் கண்ணெரிச்சல்" என்றார் சென்னியப்பன். "ஆமா, ஆமா, வெயிலு" என்றார் அருணாசலம் அவசரமாக. அந்த அவசரமான ஆமாவிலேயே நாகரத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து வந்திருக்கிறார்கள். சொல்லத்தான் வந்திருக்கிறார்கள், சொல்ல முடியாமல் கரடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை நாள் எந்தப் பதிலுக்குப் பயந்தாளோ அது வந்து எதிரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறது, இவளுக்கு அவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது. "வேற காபி வெக்கறேன்" என்று முனகிவிட்டு உள்ளே போனாள்.

பாலை அடுப்பில் வைத்தபோது கமலவேணி பின்னாலேயே வந்துவிட்டாள். ஒரு கையில் அந்த ஆறிப்போன காபி, மறு கையில் போன். போன் அடித்துக்கொண்டிருந்தது, தாரணியின் படம் மின்னியது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்து ஓய்ந்தது. கூடத்தில், "இப்பப் பாருங்க, கட்டை ரெண்டும் ரெண்டு திக்குல போகுது" என்று சென்னியப்பன் குரல்.

"சொல்லோணும்னுதான் வந்தமுங்க" என்றாள் கமலவேணி. "கார்ல வரையில அவரு நாலு தடவை சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. இங்க வந்து சம்பந்தி இத்தனை சந்தோசமாப் பேசறதப் பாத்ததும் வாயே வரலீங்க."

"எனக்கு அங்கயே தெரியுமுங்க."

"ஆருங்க சொன்னாங்க?"

"தாரணிதானுங்க" என்றாள் நாகரத்தினம். அது பொய்யில்லை.

கமலவேணி அவளையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த டம்ளரைத் தூக்கி, ஆடையோடு, ஒரே மடக்காகக் குடித்து முடித்தாள். "ஐயோ, அது பச்சத் தண்ணியா ஆறிப்போச்சுங்களே, வேற தர்றேனே" என்று இவள் பதற, "இருக்கட்டுமுங்க, இதே நல்லாத்தான் இருக்குது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் மறுபடி அடித்தது. "நான் எடுத்தா அழுதுருவனுங்க. நீங்க பேசறீங்களா?"

நாகரத்தினம் வாங்கினாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து அழுத்தினாள். அம்மா முகத்தை எதிர்பார்த்த தாரணி இவளைப் பார்த்ததும் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இளைத்திருந்தாள். பின்னால் தெரிந்த சுவர் மகன் வீட்டுச் சுவர் இல்லை, ஏதோ வேறு அறை.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் தாரணி. "சாப்டீங்களா?"

"ஆச்சு கண்ணு."

"அங்க... கதை ஓடுதுங்களா? விழுந்துட்டாருங்களா?"

மாமா இல்லை. அத்தையும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் பனியில் கால் வைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வைக்கிறாள், பாவம், எங்கே வழுக்குமோ என்று. இப்படியே எத்தனை நாளைக்கு நடப்பாள்? யாராவது முழங்கையைப் பிடிக்க வேண்டாமா?

"இன்னும் விழல. பிட்சாவுல நிக்குது" என்றாள் நாகரத்தினம். தாரணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் ரொம்பியது. "கண்ணு, இங்க பாரு. அன்னிக்கு அந்தக் கடையில நீ ரெண்டு தடவை கூப்பிட்டே. நான் திரும்பவே இல்ல. வேற ஆரோ ஒருத்தி இருக்கறான்னு நெனச்சு அவளைத் தேடிட்டிருந்தேன், கூறுகெட்டவ. அது நான்தான்னு இப்பத்தான் வெளங்குச்சு. நீ முறை தேடித் தேடித் தவிக்காத சாமி. வாயில எது வருதோ அப்படியே கூப்பிடு. இனிமே நீ எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாப்பேன்."

தாரணி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வந்தது. நாகரத்தினம் போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் தணித்தாள், தணித்த பிறகும் திரும்பாமல் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் சென்னியப்பன் விழுந்தார். தொப்பென்று விழுந்ததை நடித்தே காட்டியிருக்க வேண்டும், சோபா கிறீச்சிட்டது, அருணாசலத்தின் சிரிப்பு சமையலறை வரைக்கும் வந்தது. "ரத்தினம், வா, நான் விழுந்தாச்சு!"

"ஆன்ட்டி" என்றது போன்.

கமலவேணி திருத்துவதற்கு வாயைத் திறந்தாள், பழக்க தோஷம், திறந்தவள் மூடிக்கொண்டாள். அதற்குள், முதல் தடவையிலேயே, நாகரத்தினம் திரும்பியிருந்தாள்.